திணையும் பாலும்: பொம்மையார்பாளையத்தில் பயின்ற இலக்கணம்

தமிழில் ஒரு பெயர்ச்சொல்லின் பாலைப் பொருள் தீர்மானிக்கிறது. ருஷ்ய மொழியில் பெரும்பாலும் சொல்லின் ஈறு தீர்மானிக்கிறது. ருஷ்யருக்கு வீடு ஆண்பால், புத்தகம் பெண்பால், கடல் இரண்டும் அல்லாத மூன்றாம் பால். அவர்களுடைய உப்பும் பெண்பால்தான். மரக்காணம் அளத்தில் விளையும் உப்போ தமிழருக்கு எந்நாளும் அஃறிணை.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் இந்தத் திணைப் பகுப்போடுதான் தொடங்குகிறது. மக்களைச் சுட்டும் சொல் உயர்திணை, மற்றவை அஃறிணை. உயர்திணைக்கு ஆண், பெண், பலர் என மூன்று பால். அஃறிணைக்கு ஒன்று, பல என இரண்டு. பாலும் எண்ணும் இங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன. விதியைவிட அது வளையும் இடங்களே சுவையானவை. ஞாயிறு, திங்கள், காலம், உலகம் முதலியவற்றைத் தெய்வமாகவே கருதினாலும் அவை அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறது நூல். ஆகவே ஞாயிறு எழுந்தது. வடமொழியிலிருந்து வந்த சூரியன் னகர ஈற்றோடு நிற்பதால் உதித்தான் என்றும் வரும், உதித்தது என்றும் வரும். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி, மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். உயிர்களை நால்வகைப் பிறப்பாகப் பகுக்கும் சமணர் அவர். அந்த நான்கில் விலங்குப் பிறப்பு மட்டும் அஃறிணையில் நின்றது.

பெயரடையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. ருஷ்ய மொழியில் ‘நல்ல’ என்பது ஒருமையில் பெயரின் பாலுக்கேற்ப மூன்று வடிவம் எடுக்கும். பன்மை அடைகளின் எழுத்தில் எஞ்சியிருந்த பால் வேறுபாட்டை 1918ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் நீக்கியது. தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல உப்பு என அடை மாறுவதே இல்லை. பயனிலையாக வரும்போது மட்டும் நல்லன், நல்லள், நல்லர், நல்லது, நல்லன என்று பழந்தமிழ் பால் காட்டியது. குறிப்பு வினைமுற்று எனப்படும் அந்த ஐந்தில் இன்று பேச்சில் தங்கியிருப்பது நல்லது ஒன்றே.

இந்த இலக்கணம் வாழையடி வாழையாக வளர்ந்த இடங்களில் மடங்களும் அடங்கும். புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பொம்மையார்பாளையம், பொம்மபுர ஆதீனத்தின் ஊர். 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் வெள்ளியம்பலத் தம்பிரானிடம் இலக்கணம் கற்று, பின்னர் இங்கே சிவஞான பாலய சுவாமிகளை அடைந்து அவர்மீது நூல்கள் பாடினார். ஆதீனம் 1938இல் மயிலத்தில் தமிழ்க் கல்லூரி தொடங்கியது.

ஐரோப்பியருக்குத் திணை புதுமையாக இருந்தது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், உயிரற்ற பொருளுக்கு ஆண், பெண் பால் கற்பிக்காத இம்முறையை அறிவோடு பொருந்தியதாகப் பாராட்டினார். பாராட்டு தகும், ஆனால் வழக்கு அத்தனை சீராக நிற்கவில்லை. ஒருவரை மதித்துப் பன்மையில் சொல்வதை, இலக்கண நெறி அன்று என்று குறித்தபடியே தொல்காப்பியம் ஏற்றது. அந்தப் பலர்பால் ஈறே இன்று மதிப்பு ஒருமை ஆகிவிட்டது. ‘ஆசிரியர் வந்தார்’ என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. அஃறிணைப் பன்மை பேச்சில் ஏறக்குறைய மறைந்தது. ‘மாடுகள் வந்தன’ என்பது எழுத்தில்தான், பேச்சில் ‘மாடுங்க வந்துச்சு’.