பூவில்லாத பூமணம்

1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவின் பொறுப்பில் வந்தது. சரித்திரப் புத்தகம் இதைச் சொல்லும். நடுவிலே உத்தியோகம் தேடிச் சைகோனுக்குக் கப்பலேறியவர்கள் கொண்டுவந்த பழக்கங்களை யார் எழுதினார்கள்?

அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் எனக்கு ஊலாங் தேநீர் கிடைத்தது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வாயில் வைத்ததும் பூமணம். விழுங்கிய பின் பழத்தின் தித்திப்பு.

"பூப் போட்டிருக்கிறதா?" என்றேன்.

"இல்லை, தம்பி. தேயிலையை வாட்டிக் குலுக்கினால் ஓரம் கன்றிச் சிவக்கும். பாதியிலே சூடுகாட்டி நிறுத்திவிடுவார்கள். மணம் அதிலே பிறப்பதுதான். சைகோனை ஒட்டிய சோலோனில், சீனர்களிடம் அப்பா பழகிக்கொண்டது" என்றார் பெரியவர்.

அவருக்குப் பின் அந்த வீட்டில் இதைப் போடத் தெரிந்தவர் இல்லை. ஒப்பந்தங்களுக்காவது காகிதம் இருக்கிறது. இந்தக் கோப்பைக்கும் ஒன்று இருக்கட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.