ஹிஸ்டிடின்

ஹிஸ்டிடின், புரதங்களை ஆக்கும் 20 அமினோ அமிலங்களுள் ஒன்று. உணவிலிருந்தே பெற வேண்டிய இன்றியமையா அமினோ அமிலங்களில் இதுவும் அடங்கும். உடலின் இயல்பான பிஎச் அளவில் புரோட்டானை ஏற்பதும் விடுவதும் இதன் பக்கச்சங்கிலிக்கு எளிது. பல நொதிகளின் வினைமையத்தில் இது அமைந்திருப்பதற்கு இப்பண்பே காரணம்.

கண்டுபிடிப்பு

ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கோசெல் 1896இல் ஸ்டர்ஜன் மீனின் விந்தணுப் புரதத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் சுவீடனின் ஸ்வென் குஸ்டாஃப் ஹெடீனும் தனியே இதைக் கண்டறிந்தார்.

அமைப்பு

எல்லா அமினோ அமிலங்களையும் போல இதன் மையக் கார்பனிலும் ஓர் அமினோ தொகுதியும் ஒரு கார்பாக்சில் தொகுதியும் உண்டு. பக்கச்சங்கிலியின் முனையில் இமிடசோல் எனும் ஐந்தணு வளையம் உள்ளது. வளையத்தின் இரு நைட்ரஜன்களில் ஒன்று ஹைட்ரஜனைத் தாங்கியிருக்கும். மற்றது தன் தனித்த எலக்ட்ரான் இணையால் புரோட்டானை ஏற்கும். அப்போது உண்டாகும் நேர்மின்சுமை இரு நைட்ரஜன்களுக்கும் பரவுவதால் வளையம் நிலைபெறுகிறது.

அமில-காரப் பண்பு

புரோட்டானை விடும் மூன்று தொகுதிகளின் பிகேஏ மதிப்புகள் (தொகுதிகளில் பாதி புரோட்டானை விட்டிருக்கும் பிஎச்) ஏறத்தாழ: கார்பாக்சில் 1.8, இமிடசோல் 6.0, அமினோ 9.2. கடும் அமிலக் கரைசலில் மூலக்கூறின் நிகர மின்சுமை +2. பிஎச் உயர உயர அது +1, சுழியம், −1 எனக் குறையும். நிகர மின்சுமை சுழியமாகும் சமமின் புள்ளி, பின்னிரு மதிப்புகளின் சராசரியான 7.6 ஆகும். இரத்தத்தின் பிஎச் 7.4இல் தனி ஹிஸ்டிடினில் சுமார் 4 விழுக்காடு வளையங்களே புரோட்டானுடன் இருக்கும். புரதத்துக்குள் அருகிலுள்ள மின்சுமைகளைப் பொறுத்து வளையத்தின் பிகேஏ ஏறும், இறங்கும்.

உடலில் பணி

ஹீமோகுளோபினில் ஹீம் எனும் பகுதியின் இரும்பு அணுவை ஒரு ஹிஸ்டிடின் நேரடியாகப் பற்றியுள்ளது. பீட்டா சங்கிலியின் கடைசியான 146ஆம் இடத்து ஹிஸ்டிடின், ஆக்சிஜனை இழந்த நிலையில் அருகிலுள்ள அஸ்பார்டிக் அமிலத்தோடு பிணைந்து தன் பிகேஏ உயரப் பெறுகிறது; புரோட்டானை ஏற்கிறது. நுரையீரலில் ஆக்சிஜன் சேரும்போது பிணைப்பு அறுந்து புரோட்டான் வெளியேறுகிறது. அமிலம் மிகும் தசையில் ஹீமோகுளோபின் கூடுதல் ஆக்சிஜனை விடுவதற்கு, அதாவது கிறிஸ்டியன் போர் 1904இல் விவரித்த போர் விளைவுக்கு, இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

புரதங்களை வெட்டும் கைமோடிரிப்சின் நொதியில் 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 195ஆம் இடத்துச் செரின் அமினோ அமிலத்தின் புரோட்டானை வாங்கி அதை வினைக்குத் தயாராக்குகிறது. அதே புரோட்டானை வெட்டுண்ட புரதத் துண்டுக்குத் தந்து விடுகிறது. ஒவ்வாமையிலும் இரைப்பை அமிலச் சுரப்பிலும் பங்கேற்கும் ஹிஸ்டமின், ஹிஸ்டிடினின் கார்பாக்சில் தொகுதி நீங்குவதால் உருவாகிறது.