பொன்மலையில் ஒரு தேர்வு

தேர்வு என்ற சொல் மாணவர்களுக்கு அச்சம் தருவது. அதை நடத்தும் ஆசிரியருக்கும் அது எளிதன்று. விடைத்தாள் திருத்தியே பல்லாண்டு கழித்தவன் நான். எனினும் இன்று நான் கூற வருவது பள்ளித் தேர்வு அன்று. அரமும் சுத்தியலும் பிடித்த கைகளுக்கு 1928ஆம் ஆண்டில் குறிக்கப்பெற்ற ஒரு தேர்வின் வரலாறு.

அதனை உணரப் பிட்டரின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். நெடுந்தொலைவு ஓடிய நீராவி எஞ்சின் பணிமனைக்கு வந்ததும், அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும். கொதிகலன் தூக்கி எடுக்கப்படும். சக்கரங்கள் தனியே உருட்டிச் செல்லப்படும். தேய்ந்தவற்றைச் செப்பனிட்டு, பழுதானவற்றை மாற்றிய பின், எல்லாவற்றையும் பிசகின்றிப் பொருத்துபவரே பிட்டர்.

நான் சிறுவனாக இருந்தபோது, திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைப் பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் எங்கள் தெருவில் வாழ்ந்தார். சக்கர அச்சுக்குப் பேரிங் பொருத்தும் முறையை அவரே எனக்கு விளக்கினார். பேரிங்கின் உட்புறம் வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகத்தால் ஆனது. அச்சின்மீது நீல மசியை மெல்லப் பூசி, பேரிங்கை அதன்மேல் வைத்து அசைத்து எடுப்பார்கள். நீலம் அழுத்தமாக ஒட்டிய இடம் மேடு. அம்மேட்டை மயிரிழையளவு சுரண்டி நீக்கி, மீண்டும் மசி பூசிப் பார்ப்பார்கள். நீலம் எங்கும் சீராகப் படியும்வரை இது தொடரும். “எவ்வளவு சுரண்டுவது என்பதைக் கைதான் சொல்லும், தம்பி” என்பார் அவர். கை பிழைத்தால், ஓடும் வண்டியில் பேரிங் சூடேறி உருகிவிடும்.

இத்தகைய கைகள் பல முன்னர் நாகப்பட்டினத்தில் இருந்தன. தென்னிந்திய இரயில்வே கம்பெனியின் பணிமனை அங்கே நெடுங்காலம் இயங்கியது. 1920களின் பிற்பகுதியில் கம்பெனி பொன்மலையில் பெரும் பணிமனை ஒன்றை எழுப்பி, வேலைகளை அங்கே ஒருங்கு சேர்க்க முற்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு மூவாயிரவருக்கு மேற்பட்ட தொழிலாளரை நீக்கவும் திட்டமிட்டது. நிற்பவர் யார், போகிறவர் யார் என்பதற்குத் தொழில்-தேர்வு நடத்தப் போவதாக அறிவித்தது.

தொழிலாளர் மறுத்தனர். அவர்கள் செப்பனிட்ட எஞ்சின்கள் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தன. அதனினும் பெரிய சான்று எது? 1928 ஜூலையில் இரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. அரசு கடுமையாக அடக்கியது. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் முதலிய தலைவர்கள் சிறைப்பட்டனர். போராட்டம் தோற்றது, வேலையிழந்தோர் பலர்.

பொன்மலைப் பணிமனையின் கைத்திறன் அதனோடு அழிந்துவிடவில்லை. 2021இல் நீலகிரி மலை இரயிலுக்கென நிலக்கரியால் ஓடும் நீராவி எஞ்சின் ஒன்றை அது புதிதாகவே கட்டித் தந்தது.

தேர்ச்சி விழுக்காடு குறையுமென்று அஞ்சி, தேர்வைக் காரணங்காட்டிச் சில மாணவர்களை மேல்வகுப்புக்கு அனுப்பாது நிறுத்தியவன் நான். அவர்களுள் சிலர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. அந்நாட்களில் இதனைக் கண்டிப்பு என்றே எண்ணியிருந்தேன். அந்த முதியவரின் நீல மசியை இப்போது நினைக்கிறேன். அதுவும் ஒரு தேர்வுதான். ஆனால் அது மேட்டைக் காட்டும். திருத்த இடம் தரும். பேரிங்கைக் குப்பையில் எறியச் சொல்லாது. 1928இன் தேர்வு ஆளைக் கழிப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. நாளை உங்களுள் பலர் பிறரைத் தேர்ந்து மதிப்பிடும் இடத்தில் அமர்வீர்கள். அன்று உங்கள் கையில் இருப்பது இவ்விரண்டில் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.