மணலில் பழகிய கை

கல்வராயன் மலையில் பிறந்து வரும் கோமுகி ஆறு வடக்கனந்தல் பக்கம் சமவெளியைத் தொடுகிறது. இப்படிப்பட்ட ஆற்று மணலுக்குத் தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் மதிப்பான வேலை இருந்தது. சலித்துத் திண்ணையில் பரப்பினால் பள்ளிக்கூடம் தயார்.

விஜயதசமியன்று பிள்ளையைப் பள்ளியில் வைப்பார்கள். பேச்சு அதற்குள் வந்திருக்கும். தாயும் பாட்டியும் தெருவும் அதைக் கொடுத்துவிடும், வாத்தியார் வேண்டியதில்லை. கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளும் (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ண வேண்டாம்) தமிழைக் கேட்டே வளர்கிறார்கள். எழுத்து அப்படித் தானாக வராது. வாத்தியார் விரலைப் பிடித்து மணலில் ‘அ’ வரைவார். விரல் நகரும்போதே வாய் உரக்கச் சொல்ல வேண்டும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். கை தேறியபின் ஓலையும் எழுத்தாணியும். கூடவே ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு. மாலையில் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவதும் உண்டு. மறுநாள் காலை மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். வெறும் நெட்டுரு என்று இதைப் பழித்தவர்கள் பலர். கண், கை, வாய், காது நான்கையும் ஒருசேர வேலை வாங்கிய முறை இது என்பதை அவர்கள் பார்க்கத் தவறினார்கள்.

பார்த்தவர் ஒருவர் உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்கு வயது 23. உள்ளூர் வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். எழுத்து வந்துவிட்டது, சொல் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த சிறுவனுக்கு ‘அம்மா’ என்று எழுதும் முன்பே அம்மாவைத் தெரியும். இவருக்கு அது வெறும் கோடு. பிறகு ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் துணைக்கு வந்தார். கேட்டும் பேசியும் ஓலைகளைப் படித்தும் சீகன்பால்கு தமிழுக்குள் நுழைந்தார். 1716இல் அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சானது.

மணல் கடலும் கடந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர்.

ஆனாலும் திண்ணையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் சொன்னபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. வீட்டிலேயே படித்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களைச் சேர்த்தாலும் எழுத்தறியாத பெண்களே மிகப் பெரும்பான்மை. பிள்ளைக்கு முதல் பேச்சைக் கொடுத்த தாய்க்கும் பாட்டிக்கும் எழுத்து எட்டாமலே போனது.

1990களில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்தபோது படிக்க வந்தவர்களில் பெண்களே மிகுதி. சீகன்பால்குவின் நிலைமைக்கு நேர் எதிர் இவர்கள் நிலைமை: வாயில் ஆயிரம் சொல், கையில் ஓர் எழுத்தும் இல்லை. அதனால் அறிவொளிப் பாடநூல்கள் ‘அ, ஆ’ வரிசையை விட்டுவிட்டு, அன்றாடம் அவர்கள் புழங்கும் சொற்களை எடுத்து, அவற்றிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டின. நாற்று நட்டுக் களைத்த விரல்கள் இரவில் விளக்கடியில் அந்தச் சொற்களை எழுதிப் பார்த்தன.