பங்கோர் தீவும் நம் லயத்து வீடுகளும்



பள்ளி விடுமுறை நெருங்கினால், "பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம், டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். கரீபியன் தீவுகளின் நீலக் கடலைத் தொலைக்காட்சியில் கண்டு ஏங்குவோரும் உளர். (அங்கும் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் கப்பலேறிச் சென்றனர், 1853இல் மார்த்தினிக், 1854இல் குவாதலூப். அது தனியே எழுத வேண்டிய வரலாறு.) நான் சொல்லும் தீவோ ஈப்போவிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடியது. லூமுட் படகுத்துறையில் பெர்ரி ஏறினால் முக்கால் மணி நேரத்திற்குள் பங்கோர்.

இறங்கியதும் இளஞ்சிவப்பு நிற வாடகை வேன்கள் காத்திருக்கும். தெலுக் நிப்பாவில் குளிக்கலாம். மாலையில் இருவாட்சிப் பறவைகள் அருகிலேயே வந்தமரும். நெத்திலிக் கருவாடு வாங்காமல் எவரும் திரும்புவதில்லை. கடலை நோக்கி நிற்கும் பத்திரகாளியம்மன் ஆலயம், மாசி மகத்தன்று கூட்டத்தால் நிரம்பி வழியும்.

ஆயினும் முதலில் தெலுக் கெடோங்கிற்குச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். அங்கே கூரையற்ற செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. பேராக்கின் ஈய வணிகத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக்காரர்கள், 1670இல் கட்டிய கோட்டை அது. 1690இல் உள்ளூர் மக்கள் அதனைத் தாக்கினர். 1743இல் மீண்டும் எழுப்பப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. இன்று நாம் காண்பது 1973இல் சீரமைத்த உருவம். சற்றுத் தள்ளியுள்ள பெரும்பாறையில் 1743 என்னும் ஆண்டும், குழந்தையைக் கவ்விய புலியின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலோர் பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றனர். நானும் முன்பு அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் அங்கு நின்றபோது பங்கோர் உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னேன். 1874 ஜனவரி 20ஆம் நாள், இத்தீவுக்கு அருகே புளூட்டோ என்னும் கப்பலில் அது கையெழுத்தானது. ஒருபுறம் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க். மறுபுறம் ராஜா அப்துல்லாவும் பேராக் பிரபுக்களும். அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். சமயமும் வழக்காறும் தவிர்ந்த அனைத்திலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டியவரானார். முதல் ரெசிடெண்டு பெர்ச் 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அப்துல்லாவோ சீசெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஒரு தீவின் அருகே ஒப்பமிட்டவருக்கு மற்றொரு தீவு சிறையாயிற்று! பங்கோரும் பிரிட்டிஷார் வசமாகி, 1935இல்தான் பேராக்குடன் மீண்டும் இணைந்தது.

அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், இதில் நாம எங்கே இருக்கோம்?"

இத்தனை ஆண்டுகள் கற்பித்தும், அக்கேள்வியை நான் எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. கையெழுத்திட்டோருள் நம்மவர் இல்லைதான். ஆனால் அந்தத் தாளின் வழியே வந்தது ரெசிடெண்டு ஆட்சி. 1877இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கு நிற்கிறது. கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கும், இருபதாம் நூற்றாண்டில் பெருகிய ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றபின் கங்காணிகளே ஆள் திரட்டினர். என் தாத்தா அப்படி வந்தவர். நான் பிறந்த லயம் இன்று செம்பனைக் காடு. இவற்றையெல்லாம் அச்செங்கற்சுவர் நிழலில் சொல்லி முடிக்க அரைமணி நேரமாயிற்று. கடலில் குளிக்கும் நேரம் குறைந்ததற்குப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவ்வாண்டு டிசம்பரில் என் அம்மாவை அழைத்துச் சென்றேன். இருபத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கடலில் கால் நனைத்தார். நெத்திலிக்குப் பேரம் பேசினார். கோட்டைக்கு வந்ததும் செங்கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "நம்ம எஸ்டேட்டு ஸ்டோர் சுவரும் இப்படித்தான் இருக்கும், அதை இடிச்சுட்டாங்க" என்றார். பிறகு பெர்ரிக்கு நேரமாகும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார்.