வ.உ.சி.யின் மெய்யியல் நூல்கள்

கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளை (1872–1936) மெய்யியல் நூல்களை எழுதியும் மொழிபெயர்த்தும் உரைகண்டும் பதிப்பித்தும் தமிழுக்குத் தந்தவர். தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அவர் நடத்திய சுதேசிக் கப்பல் கம்பெனி பெற்ற புகழில் கால்பங்கு கூட இந்த நூல்களுக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் காலம் 1909 முதல் 1935 வரை நீள்கிறது.

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்ததற்காக அவர் சிறையில் இருந்தபோதே முதல் நூல் வெளிவந்தது. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் சிறு நூலை அவர் ‘மனம் போல வாழ்வு’ என்ற பெயரில் தமிழாக்கினார்; அது 1909இல் அச்சேறியது. எண்ணமே வாழ்வை உருவாக்குகிறது என்பது அதன் சாரம். விடுதலைக்குப் பிறகு ஆலனின் ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ ஆகியவையும் வந்தன. தத்துவப் பயிற்சி இல்லாதவரும் படித்துப் பின்பற்றக்கூடிய நூல்கள் இவை.

சொந்தப் படைப்புகளில் முதன்மையானது ‘மெய்யறம்’ (1914). கண்ணனூர்ச் சிறையில் உருவான இந்நூல் திருக்குறளின் வழியில் நடப்பது. ஆனால் குறளின் ஈரடியை ஓரடியாகச் சுருக்கிக்கொண்டது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என ஐந்து பகுதிகள், 125 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்து அடிகள். மாணவனுக்கான ஒழுக்கத்தில் தொடங்கி, இல்லறத்தையும் ஆட்சியையும் கடந்து மெய்யியலில் முடிகிறது. தத்துவம் வாழ்க்கைக்கு வெளியே நிற்பதல்ல என்ற அவருடைய துணிபு இந்த அடைவிலேயே தெரிகிறது. அடுத்து வந்த ‘மெய்யறிவு’ (1915) வெண்பாக்களால் ஆனது.

புலமையாளருக்கான பணியும் உடன் நடந்தது. திருக்குறள் அறத்துப்பாலை, பரிமேலழகருக்கு முற்பட்ட மணக்குடவர் உரையுடன் 1917இல் பதிப்பித்தார்.

தூத்துக்குடியில் வாழ்ந்த இறுதி ஆண்டுகளில் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்துக்கு உரை எழுதி 1935இல் வெளியிட்டார். மெய்கண்டாரின் அந்நூல் 12 சூத்திரங்களே கொண்டது. உரையின்றி நுழைவது கடினம். அதற்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் என்னும் உரை தருக்கமும் இலக்கணமும் கற்றோருக்கானது. அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன் 1854இலும், ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை 1895இலும் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்திருந்தனர். வ.உ.சி. எளிய தமிழில், பொதுவாசகரை எண்ணி எழுதினார்.

இம்முயற்சி தனித்து நிற்கவில்லை. திருநெல்வேலியில் 1920இல் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் சித்தாந்த நூல்களையும் இலக்கியங்களையும் தொடர்ந்து அச்சிட்டது. எதிர்த்திசையில் சுயமரியாதை இயக்கம், ப. ஜீவானந்தம் மொழிபெயர்த்த பகத்சிங்கின் நாத்திக நூல் போன்றவற்றைப் பரப்பியது. கடவுளை ஏற்றவரும் மறுத்தவரும் அச்சு நூலை நம்பியே மக்களிடம் சென்றனர்.

வ.உ.சி. 1936 நவம்பர் 18 அன்று மறைந்தார். இந்தியச் சட்டப்படி அவர் வாழ்நாளில் வெளியான நூல்களின் பதிப்புரிமை 1986 முடிவோடு நீங்கிவிட்டது. அவற்றை எவரும் அச்சிடலாம். முதற்பதிப்புகளோடு ஒப்பிட்டு, முன்னுரைகளும் சொல்லடைவும் சேர்த்து, மாணவர் வாங்கக்கூடிய விலையில் சிவஞானபோத உரையைக் கொண்டுவருவது தமிழ்ப் பதிப்பாளர்கள் செய்யவேண்டிய வேலை.