பங்கும் பங்குபற்றலும்: கொழும்புத் தோட்டங்களின் திட்டமிடல் வரலாறு குறித்துச் சில கருத்துக்கள்

ஒரு குடியிருப்பின் எதிர்காலத்தை வகுக்கும் உரிமை அங்கு வாழ்வோருக்கு உண்டு என்னும் கருத்தினை இன்று வெளிப்படையாக மறுப்பார் அரியர். அரசாங்க அறிக்கைகளும் சர்வதேச நிதி நிறுவனங்களின் ஆவணங்களும் அதனை மந்திரம்போல் ஓதி வருகின்றன. அனைவராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் தோன்றும் இத்தகைய கருத்துக்களே வரலாற்று நோக்கில் ஆராயப்பட வேண்டியவை. முரண்பட்ட நலன்களையுடைய வர்க்கங்கள் ஒரே சொல்லை உச்சரிப்பதனால் அவை ஒரே பொருளைக் கருதுகின்றன எனக் கொள்வதற்கில்லை. கொழும்பு நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளின், மக்கள் வழக்கில் 'தோட்டம்' எனவும் 'முடுக்கு' எனவும் வழங்கும் இடங்களின், வரலாறு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும்.

சொல்லிலிருந்தே தொடங்குவது பொருத்தமானது. 'பங்குபற்றல்' என இன்று நாம் எழுதுவது கூட்டத்துக்கு வருதல், கருத்துக் கூறுதல், கையொப்பமிடுதல் என்ற அளவிலேயே பொருள்படுகின்றது. ஆனால் தமிழில் 'பங்கு' என்பது அடிப்படையில் சொத்திலுள்ள கூறு. காணியில் பங்குள்ளவனே பங்காளி. பங்காளியைக் கேளாமல் காணியை விற்கவோ பிரிக்கவோ முயல்வோர் வழக்கை எதிர்நோக்க வேண்டியவராவர். பங்கு இல்லாதவனைப் பங்குபற்றுமாறு அழைப்பதில் உள்ள முரண்பாட்டை நமது மொழியே காட்டிக்கொடுக்கின்றது. கொழும்பின் வரலாற்றிலும் இம்முரண்பாடே மையமானது என்பது எமது கருத்து.

கோப்பியும் பின்னர் தேயிலையும் ஏற்றுமதியாகத் தொடங்கியமையே நவீன கொழும்பை உருவாக்கியது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் நிறைவெய்திய அலைதடுப்புச் சுவர் கொழும்பை ஆசியாவின் முக்கிய துறைமுகங்களுள் ஒன்றாக்கிற்று. துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் பண்டகசாலைகளிலும் மாநகர சபையின் துப்புரவு வேலையிலும் உழைப்பதற்கெனத் திரண்ட மக்களுக்குக் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மருதானை, கொம்பனித்தெரு முதலான பகுதிகளில் உறைவிடம் கிடைத்த முறை கவனிக்கத்தக்கது. செல்வர்கள் வடபகுதி மாளிகைகளை விட்டுக் கறுவாத்தோட்டத்தை நோக்கிப் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற வளவுகளிலே வரிசை வரிசையாக ஒற்றையறைகள் எழுந்தன. ஒரு குழாய், ஒரு மலசலகூட வரிசை, நடுவே ஒரு கான், மாதந்தோறும் வாடகை. மலைநாட்டில் லயன் எதுவோ கொழும்பில் முடுக்கு அது. ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் இரு முனைகளும் 'தோட்டம்' என்ற ஒரே பெயரைத் தாங்கி நிற்பது தற்செயலாக இருக்கலாம், எனினும் மறக்கக்கூடியதன்று.

இக்குடியிருப்புகள் காலனித்துவ ஆட்சியாளரின் கண்ணுக்கு முதலில் சுகாதாரப் பிரச்சினையாகவே பட்டன. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தெருவின் அகலத்தையும் கட்டடத்தின் ஒழுங்கையும் விதித்தது. அறையில் வாழ்வோரை அது சட்டத்திற்குட்பட்ட பொருளாகக் கண்டதேயன்றி, கருத்துக் கூறவல்ல மாந்தராகக் காணவில்லை.

இப்பின்னணியில் பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொத்லாந்து அறிஞரின் வருகை ஒரு புதுக்குரலாக ஒலித்தது. உயிரியலாளராகத் தொடங்கிச் சமூகவியலுக்கு வந்த அவர் 1914இல் சென்னை ஆளுநரின் அழைப்பில் இந்தியா வந்தார். அவரது நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட, பொருள்கள் மீண்டும் திரட்டப்பட்டு 1915இல் சென்னையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தஞ்சாவூரையும் மதுரையையும் அவர் நடந்து பார்த்தார். நெரிசலான தெருக்களை இடித்து நேர்கோட்டுச் சாலை போடும் பொறியியலாளரின் வழக்கத்தை மறுத்து, தேவையான சில வீடுகளை மட்டும் அகற்றி, எஞ்சியவற்றைப் பேணி, சிறு வெளிகளை உண்டாக்கும் 'காக்கும் சத்திரசிகிச்சை' முறையை முன்வைத்தார். நோயறியாமல் மருந்து கொடுக்கலாகாது, மக்களின் வாழ்க்கையை ஆராயாமல் வரைபடம் தீட்டலாகாது என்பதே அவரது நிலைப்பாடு. 1921இல் கொழும்புக்கும் ஒரு முதனிலை அறிக்கை எழுதினார். நமது நகரத் திட்டமிடல் வரலாற்றின் தொடக்க நூல் என அதனைக் கூறலாம்.

கெடிஸைப் போற்றுவோர் இந்தூரில் அவர் நடத்திய தீபாவளி ஊர்வலத்தை மறவாமல் குறிப்பிடுவர். கொள்ளைநோய் பரவியிருந்த அந்நகரில் அரசரிடமிருந்து அதிகாரத்தைப் பெற்றுக்கொண்டு, எந்தத் தெருவில் அதிக வீடுகள் துப்புரவாக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றனவோ அந்தத் தெரு வழியே ஊர்வலம் செல்லும் என அறிவித்தார். நகரமே துடைப்பத்தை எடுத்தது. நிகழ்ச்சி அழகானதுதான். ஆயினும் மக்கள் பெற்றது தமது வீட்டைக் கூட்டும் உரிமையே. ஊர்வலத்தின் வழியைத் தீர்மானிக்கும் உரிமை கெடிஸிடமும் அவருக்கு அதனை அளித்த அரசரிடமும் இருந்தது. வீட்டின் சொந்தக்காரர், வாடகை, கடன் என்பன பற்றி அவரது மனிதாபிமானம் அதிகம் பேசவில்லை. நல்லெண்ணம் படைத்த திட்டமிடலாளர் பலரின் எல்லையும் இதுவே.

1946ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டமும், 1948இல் அபர்குறொம்பி அளித்த கொழும்புப் பிரதேசத் திட்டமும் இவ்வகையில் முன்னேற்றம் எதனையும் காட்டா. அவை வல்லுநர் வல்லுநருக்கு எழுதியவை.

தோட்டங்களின் வரலாற்றில் மெய்யான திருப்பம் 1973இல் நேர்ந்தது. அதனைக் கொண்டுவந்தவர் திட்டமிடலாளர் அல்லர். ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராயிருந்த கம்யூனிஸ்ற் கட்சித் தலைவர் பீற்றர் கெனமன் காலத்தில் நிறைவேறிய வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகையை வரையறுத்தது. மிகையான வீடுகளை வாடகைக் குடியிருப்பாளர் வாங்க வழி பிறந்தது. முடுக்கு அறைகள் பல தேசிய வீடமைப்பு ஆணையாளர் வசமாயின. அதே ஆண்டின் பொது வசதிகள் சபைச் சட்டம் குழாய், கான் போன்றவற்றின் பொறுப்பை ஏற்க ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. இச்சட்டம் தனியார் வாடகை வீடுகள் புதிதாகக் கட்டப்படுவதைத் தடைசெய்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. தனியாரின் இடத்தை நிரப்பப் போதிய வீடுகளை அரசு கட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் கூட்டமும் செயலமர்வும் இல்லாத அக்காலத்தில், கொழும்புத் தொழிலாளியின் கையில் முதன்முறையாக ஒரு 'பங்கு' வந்தது. பங்குபற்றல் பற்றிய ஆய்வு நூல்களில் இச்சட்டம் பெரும்பாலும் இடம்பெறாமை வியப்புக்குரியது.

1977இன் ஆட்சி மாற்றமும் திறந்த பொருளாதாரமும் முரண்பட்ட இரு போக்குகளை ஒருங்கே கொணர்ந்தன. 1978இல் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை காணியைச் சந்தைக்குத் தயார்செய்யும் கருவியாக வளர்ந்தது. மறுபுறம், அதே அரசாங்கத்தின் வீடமைப்பு அமைச்சரும் பிரதமருமான பிரேமதாச, கொழும்பின் ஏழை மக்களிடையே வேரூன்றியிருந்த அரசியல்வாதி. 1978இல் தொடங்கிய நூறாயிரம் வீடுகள் திட்டத்தில் அரசு தானே வீடு கட்டியது, செலவு தாங்கவில்லை. 1984 முதல் 1989 வரையான பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் அரசு சிறு கடனும் ஆலோசனையும் வழங்க, குடும்பங்கள் தாமே கட்டின. 'ஆதரவளிக்கும் அரசு' என இக்கொள்கை அழைக்கப்பட்டது.

நகரப் பகுதியில் இத்திட்டம் செயற்பட்ட முறையை விரிவாக நோக்குவது பயனுடையது. தோட்டந்தோறும் குடியிருப்பாளரின் சமூக அபிவிருத்தி மன்றங்கள் அமைந்தன. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தர்கள் இரண்டு நாட் செயலமர்வுகளை அங்கேயே நடத்தினர். பெண்கள் ஒரு குழு, மேசன் தச்சர் முதலிய கட்டட வேலையாளர் ஒரு குழு, உத்தியோகத்தர் வேறொரு குழு எனப் பிரிந்து பிரச்சினைகளை வரிசைப்படுத்துவர். பின்னர் அவற்றை ஒருங்கே வைத்து விவாதிப்பர். குழாயடியில் காத்துநிற்போரின் வரிசையும் உத்தியோகத்தரின் வரிசையும் ஒன்றாக இராமை அங்கு பகிரங்கமாயிற்று. காணி பிரிக்கும் செயலமர்விலோ காகித வரைபடத்தினும் கயிறும் முளையுமே முக்கியமாயின. துண்டொன்று சுமார் இரண்டு பேர்ச்சஸ். பாதையின் அகலம் எவ்வளவு, எவர் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அயலவர் நிலத்தில் நின்றே தீர்த்தனர். நகரத்தின் பொதுக் கட்டட விதிகளுக்குப் பதிலாக அந்தந்த இடத்திற்கான விதிகளும் இவ்வாறே பிறந்தன. 1986 முதல், நடைபாதை, கான், பொதுக்கிணறு போன்ற சிறு வேலைகளை வெளி ஒப்பந்தகாரரிடம் விடாமல் மன்றத்திடமே ஒப்படைக்கும் 'சமூக ஒப்பந்த' முறையும் நடைமுறைக்கு வந்தது. உலகின் பல நாடுகளிலிருந்து ஆய்வாளர் வந்து இவற்றைக் கற்றுச் சென்றனர்.

இடதுசாரிகளாகிய நாம் இதனை எவ்வாறு மதிப்பிடுவது? அக்காலத்தில் எழுந்த விமர்சனம் தெளிவானது. ஜோன் ரேணர் போன்றோர் சுயமாக வீடு கட்டுதலை விடுதலையாகப் போற்றியபோது, றொட் பேர்ஜஸ் அதனை வேலைநாளின் முடிவில் தொழிலாளியின் ஓய்வு நேரத்தையும் மூலதனத்திற்கு ஈடுவைக்கும் ஏற்பாடென எதிர்த்தார். ஏங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில், தொழிலாளியைச் சிறு சொத்துடைமையாளனாக்கும் திட்டங்களை ஏளனம் செய்தமையும் நாம் அறிந்ததே. இவ்விமர்சனம் தத்துவார்த்தமாகச் சரியானது. ஆயினும் அதனை அப்படியே கொழும்பில் பொருத்துவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். கயிறு பிடித்துத் துண்டு பிரித்த மக்கள் பெற்றது வெறும் சுவரும் கூரையுமன்று. நீண்டகாலக் குத்தகையும், பெயர் பதிந்த அட்டையும், தமது முடுக்கின் கணக்கைத் தாமே பார்த்த அனுபவமும் ஆகும். ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வகுத்த எட்டுப்படி ஏணியிலே இது உச்சிப்படி அன்று. எந்தக் காணி சந்தைக்கு, எந்தக் காணி மக்களுக்கு என்ற முதற்கேள்வி எந்தச் செயலமர்விலும் வைக்கப்படவில்லை. முளையடிக்கும் உரிமை தோட்டத்தின் எல்லைக்குள்ளேதான். எல்லையை வரைந்தது வேறொரு மேசை.

பெயர் பதிவதன் மறுபக்கத்தையும் ஈண்டுக் குறிக்காமல் இருத்தல் இயலாது. குடிசைவாசியின் பெயரை அரசு பதிந்துகொள்வது உரிமையின் முதற்படி என வீடமைப்பு உத்தியோகத்தர் நம்பினர். அச்செயலமர்வுகள் நடப்பதற்குச் சிறிது காலம் முன்னர், 1983 ஜூலையில், இதே நகரில் தமிழர் வீடுகளை இனங்காணக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளுடன் வந்தமையைப் பலர் பதிவுசெய்துள்ளனர். பட்டியலொன்று காணியைத் தருமா, தீயைத் தருமா என்பது அது எவர் கையில் உள்ளது என்பதைப் பொறுத்ததாயிற்று. வீடமைப்புக் கொள்கை பற்றிய ஆய்வுகளும் இனவன்முறை பற்றிய ஆய்வுகளும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே எழுதப்படுவது நமது புலமையின் பெருங்குறை.

1998இல் தொடங்கிய நிலைபேறான நகரக் குடியிருப்புத் திட்டம் மன்றங்களை ஓரங்கட்டி, மாடிவீட்டை முன்னிறுத்தியது. 2001இல் வனாத்தமுல்லைப் பகுதியில் எழுந்த 671 வீடுகளையுடைய சஹஸ்புர அதன் முதற்கனி. உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியிலுள்ள வீடுகள் படையினரின் துணையுடன் இடிக்கப்பட்டன. தொடர்ந்துவந்த நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்தின் கணக்குப்படி, 68,812 குடும்பங்கள் வாழும் குடியிருப்புகள் சுமார் 900 ஏக்கர் காணியை அடைத்துக்கொண்டிருந்தன. அக்காணியை 'விடுவித்தல்' என்பதே அதிகாரிகள் கையாண்ட சொல்லாகும். எவரிடமிருந்து விடுவித்தல் என அவர்கள் விளக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, வேறிடத்திற்கு நகர்த்துகின்றது என்ற ஏங்கெல்ஸின் கூற்றுக்கு வேறு சான்று தேவையில்லை.

மாடிவீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டவர்களுள் 1973இன் சட்டத்தால் உறுதி பெற்றவர்களும், 1980களில் குத்தகையும் அட்டையும் பெற்றவர்களும் இருந்தனர். பெரிய வீட்டை இழந்தவருக்கும் பலகைக் குடிசையை இழந்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவான மாடிவீடே ஒதுக்கப்பட்டது. அதற்கும் தவணைப்பணம் கேட்கப்பட்டது. நீதிமன்றங்களுக்குச் சென்றவர்கள் கையிற் கொண்டுசென்றவை பழைய அட்டைகள், குத்தகைப் பத்திரங்கள், மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டுகள், தண்ணீர் பில்கள். செயலமர்வுகளில் எழுதிய சுவர்த்தாள்களை எவரும் சான்றாகக் கொண்டுசெல்லவில்லை.